ஒரு கணினிக்கு நாலு காவல்

அறிவுச்செல்வனின் கணினியில் நான்கு காவல் மென்பொருள்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவன் போடவில்லை.

முதலாவது கணினியோடு கூடவே வந்தது. புதுச் சட்டையின் காலருக்குள் இருக்கும் அட்டையைப் போல அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவதைப் போட்டது ரெக்ஸ், எஸ்தரின் அண்ணன். மூன்றாவதைப் போட்டது வெற்றிவேல், அறிவுச்செல்வனின் அக்காள் கணவர். நான்காவதைப் போட்டது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் ராசு. மற்ற மூன்றும் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக அதைப் போட்டார்.

எஸ்தர் அவன் மனைவி. வெள்ளிமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் மலைப் பேருந்தில் போய் வந்தாள். சித்திரையில் காய்ச்சல் வந்தது. அந்த வாரமே இறந்துபோனாள். இதற்கு மேல் அதைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கும் இவ்வளவுதான் சொன்னான். அவர்கள் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவன் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து, கரும்பு நின்ற நிலத்தில் மனைக்கல் நின்றது. வரைபடம் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் வாடகை வீடு. முன்னறையில் கணினி, அவனுக்கு ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஏதாவது செய்துவிட்டுப் போக விரும்பினார்கள். அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே வீட்டைக் கவனித்தார்கள். ஒருவர் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மாமியார் அமலோற்பவம் காவலுக்கு நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் படத்தைக் கணினித் திரைக்கு மேலே ஒட்டினார். அக்காள் சந்தியா அதே திரையின் காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் "உம்" என்றான்.

ரெக்ஸ் போட்டது பழையது, கல்யாணச் சீரோடு வந்தது. ரெக்ஸ் திருக்கோவிலூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். கேஸ் புத்தகத்திலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வரை வரிசையாக வைத்திருப்பவன். தங்கை கல்யாணத்தின்போது குடும்பப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வாங்கினான். ஒரே திட்டத்தில் ஐந்து கருவிகள். அப்பா மைக்கேல்ராஜின் செல்பேசி முதலாவது. அம்மாவுடையது, தன்னுடையது, தன் மனைவியுடையது அடுத்தவை. ஐந்தாம் இடத்தைத் தங்கைக்குக் கொடுத்தான். எஸ்தர் அதைக் கணவனின் கணினியில் போடச் சொன்னாள்.

"கட்டில் வந்துச்சி, பீரோ வந்துச்சி, இதுவும் வந்துச்சின்னு வெச்சிக்கோ. சீரு குடுத்த பொருள வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள்.

அவன் சொல்லவில்லை.

அவள் போன பிறகும் ரெக்ஸ் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தான். ஐந்தாம் இடமும் அப்படியே தொடர்ந்தது. குழந்தை இல்லை. எஸ்தரைத் திருக்கோவிலூரில் அவர்கள் கல்லறையில்தான் புதைத்தார்கள். பீரோவையும் கட்டிலையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். அந்த வீட்டுக்கும் அவனுக்கும் நடுவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது இந்த மென்பொருள் ஒன்றுதான். கணினியில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் அது ரெக்ஸின் செல்பேசிக்குத் தகவல் அனுப்பும். ரெக்ஸ் போன் செய்வான்.

"மாப்ள, ஏதோ மஞ்சளா காட்டுது. அப்டேட் கேக்குதாம். பண்ணிடு. சாப்ட்டியா?"

"உம்."

பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் போன் வந்தது.

இது சந்தியாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் வீடு அடுத்த தெரு. தினம் ஒரு தடவை குழம்போடு வந்து போவாள். தம்பிக்குச் சங்கராபுரத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். பெண் வீட்டார் நல்ல மாதிரி, தம்பி 'உம்' என்றிருக்கிறான், வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்தாள்.

"அந்த வூட்டு ஆளு அங்க உக்காந்துக்கினு இங்க நடக்கறதெல்லாம் பாத்துக்கினு இருப்பானா? நாளைக்கி இன்னொருத்தி வந்து விளக்கேத்த வோணாமா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அவரு கம்ப்யூட்டரத்தான்டீ பாக்கறாரு."

"எதயோ ஒண்ணு. நம்ம வூட்டுது ஒண்ணு போடுங்க."

வெற்றிவேலுக்குப் பூச்சிமருந்துக் கடை. புது லேப்டாப் வாங்கியபோது கூடக் கிடைத்த காவல் மென்பொருள் அட்டை ஒன்று கல்லாவில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தார். அரை நாள் உட்கார்ந்து போட்டார். போடும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. இந்தக் கணினியில் ஏற்கனவே வேறொரு காவல் இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வரவும் என்றது. வெற்றிவேல் படித்துப் பார்த்தார்.

"எல்லாக் கம்பெனிக்காரனும் இப்டித்தான் சொல்லுவான், அடுத்தவனத வாங்காதன்னு" என்றார். "மக்காச்சோளத்துக்கு ஒரு மருந்து அடிச்சா புழு சாவுதா? ரெண்டு கலந்து அடிச்சாதான் சாவுது. அது இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும். இன்னா அறிவு?"

"உம்" என்றான் அறிவுச்செல்வன்.

கணினியோடு வந்த முதல் காவல், வெளியிலிருந்து இத்தனை பேர் வந்த பிறகு தனக்கென்ன என்று பெரிய மனுஷத்தனமாக ஒதுங்கிக்கொண்டது. மற்ற இரண்டுக்கும் அந்தப் பக்குவம் இல்லை.

இரண்டு காவலை ஒன்றாக ஓடவிட்டால் என்ன ஆகும் என்று அறிவுச்செல்வன் உட்கார்ந்து பார்த்தான். வேறு வேலையும் ஓடவில்லை. அவன் ஒரு கோப்பைத் திறந்தால், ரெக்ஸ் போட்டது அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கும். யாரோ ஒரு கோப்பைத் தொடுகிறார்களே என்று மாமா போட்டது ஓடிவந்து அதையே வாங்கிப் புரட்டும். இப்போது தொட்டது யார் என்று ரெக்ஸ் போட்டது மறுபடியும் வாங்கும். கோப்பு இரண்டு கைக்கும் நடுவில் நிற்கும். கணினிக்குள்ளிருந்த மின்விசிறி மாவு மில் போல இரைந்தது. வைரஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் உள்ளே நிற்க அதற்கு இடம் இருந்திருக்காது.

பிறகு அவை ஒன்றையொன்று பிடிக்க ஆரம்பித்தன. காவல் மென்பொருள் என்றால் அதனிடம் திருட்டு மென்பொருள்களின் அங்க அடையாளங்கள் இருக்கும். மாமா போட்டதன் பையை ரெக்ஸ் போட்டது சோதித்தது. உள்ளே இத்தனை திருடர்களின் முகங்கள் இருப்பதைப் பார்த்து, இவன்தான் திருடர்களுக்கெல்லாம் தலைவன் என்று முடிவுகட்டிச் சிறையில் அடைத்தது.

உடனே போன் வந்தது.

"மாப்ள, உன் கம்ப்யூட்டர்ல யாரோ பூந்துட்டாங்க. செவப்பா காட்டுது."

"அது எங்க மாமா, மச்சான்."

"மாமாவா?"

"மாமா போட்டது."



"அவரு எதுக்குப் போட்டாரு? நம்மளதுதான் இருக்குதே."

"ரெண்டும் இருக்கட்டும்னாரு."

"நம்மளது அவருத உள்ள தள்ளிடுச்சே. இன்னா பண்ணட்டும்? வுட்டுடச் சொல்லட்டுமா?"

"வுட்டுடு மச்சான்."

"சரி. சாப்ட்டியா?"

"உம்."

மறுநாள் சந்தியாவோடு வெற்றிவேல் வந்திருந்தார். திரையில் இந்தத் தடவை மாமா போட்டது ரெக்ஸ் போட்டதைப் பிடித்து வைத்திருந்தது. வெற்றிவேல் குனிந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

"அவங்களுது மாட்டிக்கினு கீது, அறிவு. இன்னா பண்ணலாம்?"

"வுட்டுடுங்க மாமா."

இப்படிச் சில வாரங்கள் போயின. ராசுவிடம் சொன்னபோது, எதனால் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க நான்காவதைப் போட்டுவிட்டுப் போனார். அது எல்லாவற்றையும் பார்த்தது. அது பார்ப்பதை மற்ற இரண்டும் பார்த்தன.

இந்த நிலையில்தான் கண்ணாயிரத்தின் வீடு வந்து நின்றது. கச்சிராயபாளையத்துக்காரர். மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் வைத்திருப்பவர். கார்த்திகையில் முதல் முகூர்த்தத்துக்குக் கடக்கால் தோண்ட நாள் குறித்தாயிற்று. வரைபடம் முக்கால்வாசி போட்ட நிலையில் கணினிக்குள் இருந்தது. வெளியே வரவில்லை. திறந்தால் பாதித் திரைக்கு வீடு வரும். மீதித் திரை வெள்ளையாக நிற்கும். கண்ணாயிரம் தினமும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதி வீட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், தூங்குதா?"

"பாத்துக்கினு இருக்குது."

"எத?"

"உங்க வூட்டத்தான். மாத்தி மாத்திப் பாக்குது."

"கடக்காலே இன்னும் தோண்டல. அதுக்குள்ள வாட்ச்மேனா?"

"நாலு பேரு."

கண்ணாயிரம் யோசித்தார். "எவன் சார் இத்தினி போட்டது?"

"ஒண்ணு எங்க மாமா. மருந்துக் கடை வெச்சிருக்காரே, வெற்றிவேலு."

"அடப்பாவி" என்றார் கண்ணாயிரம். உடனே, "தப்பா நெனச்சிக்காதீங்க. போன வருசம் அவரு கடையிலதான் ரெண்டு மருந்து கலந்து குடுத்தாரு. பருத்திக்கு அடிச்சேன். புழு நல்லா இருந்துச்சி. பருத்திதான் பூடுச்சி."

அன்று மாலை ராசு வந்தார். திரையைப் பார்த்தார். நான்காவதையும் பார்த்தார். தான் போட்டது என்பதால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒண்ணுதான் இருக்கணும் சார். என்னுத எப்ப வேணா எடுத்துடலாம். அந்த ரெண்டுல எது வோணும்னு நீங்கதான் சொல்லணும்."

"எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான். ஒண்ணா இருக்கக்கூடாது, அவ்ளோதான்."

ராசு போன பிறகு அறிவுச்செல்வன் கணக்குப் போட்டான். மாமா அடுத்த தெரு. அக்காள் தினமும் வருவாள். மாமா போட்டதை எடுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், குழம்போடு பேச்சும் வரும். ரெக்ஸ் திருக்கோவிலூர். போனில்தான் வருத்தப்படுவான். தூரத்தில் இருப்பவரின் வருத்தம் கேட்காது. அதை எடுத்தால் மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, போனும் இல்லை. ஐந்தாம் இடம் காலியாகும். அக்காளும் இதைத்தான் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "அதையும் எடுத்துட்டன்னா அந்த வூட்டு கணக்கு முடிஞ்சிது." அப்போதும் அவன் 'உம்' என்றுதான் சொல்லியிருந்தான்.

நீக்கு என்ற பொத்தானை அழுத்தினான். அது கடவுச்சொல் கேட்டது.

எஸ்தர் வழக்கமாக வைக்கும் சொல்லைப் போட்டான். தவறு என்றது. திட்டத்தின் உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும் என்று சொல்லி, கீழே ரெக்ஸின் பெயரைக் காட்டியது. குடும்பத்திலிருந்து ஒருவர் தானாகக் கழன்றுகொள்ள முடியாது. பெரியவரைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது.

அவன் ரெக்ஸுக்குப் போன் செய்தான். எஸ்தர் இறந்த பிறகு அவனாகச் செய்த முதல் போன் அதுதான் என்பது மணி அடித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

"இன்னா மாப்ள! நீயா கூப்ட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்ல மச்சான். ஒரு பாஸ்வேர்டு வோணும்."

"எதுக்கு?"

"நம்மளத எடுக்கறதுக்கு."

எதிர்ப்பக்கம் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அது போன்ல சொல்ற பாஸ்வேர்டு இல்ல மாப்ள. சனிக்கெழம லீவு. நேர்ல வரேன்."

சனிக்கிழமை மத்தியானம் ரெக்ஸ் வந்தான். கையில் ஒரு பை வேர்க்கடலை. "அம்மா வேகவெச்சி குடுத்தாங்க. மல்லாட்ட" என்று மேசைமேல் வைத்தான். இருவரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். பையைப் பிரித்துத் தின்றார்கள். கணினி எழுந்து வருவதற்குள் பாதிப் பை காலியாகிவிட்டது.

"எடுத்துட்டா வேலை ஓடுமா?"

"ஓடும்னு ராசு சொன்னாரு."

"வேலை ஓடணும் மாப்ள. அதான் முக்கியம்." ரெக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு செல்பேசியை எடுத்தான். "எடுத்தா இதுல இன்னா ஆவுதுன்னு பாக்கணும். தானா போயிடுமா, நாமதான் அழிக்கணுமான்னு தெரியல."

செல்பேசியை மேசைமேல் வைத்தான். ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அப்பா. அம்மா. நான். வீட்ல. ஐந்தாவது வரியில் 'மாப்ள' என்றிருந்தது.

அறிவுச்செல்வன் அதைப் பார்த்தான்.

"எஸ்தர்னு இல்ல இருந்திருக்கும்?" என்றான்.

"இருந்துச்சி." ரெக்ஸ் மல்லாட்டைத் தொலியை ஒன்றாகக் கூட்டி ஓரத்தில் ஒதுக்கினான். "இந்தக் கருவிய இப்ப யாரு யூஸ் பண்றாங்கன்னு அது கேட்டுக்கினே இருந்துச்சி. நானும் அப்பறமா ஞாபகப்படுத்துன்னு அமுக்கிக்கினே இருந்தேன். எத்தினி நாளைக்கி அமுக்கறது? ஆடி மாசம் ஒருநாள் மாத்திட்டேன். அன்னிக்கி அம்மாகிட்ட காட்டுனேன். எழுத்த பெருசா வெய்யின்னாங்க."

அறிவுச்செல்வன் 'உம்' என்று சொல்லவில்லை.

"சரி, அந்தப் பக்கம் திரும்பு" என்றான் ரெக்ஸ்.

"எதுக்கு?"

"பாஸ்வேர்டு போடணும். பேங்குக்கும் இதான் வெச்சிருக்கேன்."

அறிவுச்செல்வன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. தவறு என்று கணினி மணியடித்தது. ரெக்ஸ் ஆண்டவரை மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டினான்.

"ஆச்சி. திரும்பு. இப்ப இன்னாமோ கேக்குது."

எங்களை விட்டு ஏன் போகிறீர்கள் என்று கேட்டிருந்தது. கீழே நான்கு விடைகள். விலை அதிகம். கணினி மெதுவாகிறது. வேறொன்றுக்கு மாறிவிட்டேன். இனித் தேவையில்லை.

ரெக்ஸ் நான்கையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். "எத அமுக்கட்டும்?"

அறிவுச்செல்வன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பைக் வந்து நின்றது. ரெக்ஸ் பேருந்தை விட்டு இறங்கியதை யாரோ பார்த்துச் சந்தியாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சந்தியா முன்னால் வந்தாள். வெற்றிவேல் பின்னால் வந்தார்.

ரெக்ஸ் எழுந்து நின்றான். "வாங்கண்ணே. வாங்கக்கா."

"உக்காருங்க, உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

"இப்பதாங்க."

"அப்பா அம்மா சௌக்கியம்ங்களா?"

"இருக்காங்கண்ணே. கட எப்டிப் போவுது?"

"மழ கம்மி. ஏதோ போவுது."

எல்லோரும் நின்றார்கள். நாற்காலி போதாமல் இல்லை. ஒருவர் உட்காராமல் இன்னொருவர் உட்கார முடியவில்லை.

"எங்களுத எடுத்துடறோம்ணே" என்று ரெக்ஸ் ஆரம்பித்தான். "உங்களுது இருக்கட்டும். அதுக்குத்தான் வந்தேன்."

"சேச்சே, இன்னா பேச்சு இது? நீங்க மொதல்ல போட்டது. எங்களுத எடுத்துடுங்க."

"வேணாம்ணே. நீங்க பக்கத்துல இருக்கீங்க. நல்லது கெட்டதுன்னா நீங்கதானே."

"இருந்தா இன்னா? நீங்க காசு குடுத்து வாங்குனது. எங்களுது சும்மா வந்ததுங்க. எடுத்துப் போடுங்க."

"அது மொறையில்லண்ணே."

"நான் சொல்றேன்ல? எங்களுத எடுங்க."

பந்தியில் உட்கார்ந்தவன் போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டுவான். கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவதுதான் மரியாதை. வெற்றிவேல் கையை நீட்டியாயிற்று. ரெக்ஸும் முறை தெரிந்தவன். கரண்டியைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். இன்னும் ஒரு சுற்றுப் போனால், வெற்றிவேல் வேண்டா வெறுப்பாகச் சரி என்பார். ரெக்ஸ் தன்னுடையதை எடுத்துவிட்டுப் பேருந்து ஏறுவான். யாருக்கும் குறை இருக்காது.

"அப்ப மாமா போட்டத எடுத்துடலாம்" என்றான் அறிவுச்செல்வன்.

மூவரும் அவனைப் பார்த்தார்கள். வெற்றிவேலின் வாய் அடுத்த 'வேணாங்க'வுக்காகத் திறந்தபடி இருந்தது.

"அவரு ஒரு பேச்சுக்குச் சொன்னாருடா" என்றாள் சந்தியா.

"நான் பேச்சுக்குச் சொல்லலக்கா."

"மாப்ள, சும்மா இரு" என்றான் ரெக்ஸ். "எங்களுக்காவ நீ..."

"உங்களுக்காவ இல்ல மச்சான்."

சந்தியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் சண்டைக்கு முன்னால் செய்வது அது. "அப்ப நாங்க போட்டது காவல் இல்ல, அவங்க போட்டதுதான் காவலா? டெய்லி கொழம்பு எடுத்தாறது நானு. ராத்திரி லைட்டு எரியுதான்னு எட்டிப் பாக்கறது உங்க மாமா. இதெல்லாம் கணக்குல இல்லியா?"

"இருக்குதுக்கா. அதுக்கு மிசினு வோணாம். நீயே இருக்கற."

சந்தியா பேச்சைக் கல்யாணத்துக்குத் திருப்பினாள். "அப்ப சங்கராபுரத்துல இன்னா சொல்றது? உம்னு சொன்னியேடா!"

ரெக்ஸ் இதை இப்போதுதான் கேட்கிறான். அவன் தன் செல்பேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஏன் போட்டோம் என்று தெரியாதவனைப் போல மறுபடி வெளியே எடுத்தான்.

"குழாய்க்கு வாஷர் மாத்தும்போதும் உம்னுதான்க்கா சொன்னேன்" என்றான் அறிவுச்செல்வன். "இப்ப வேணாம்னு சொல்லிடு."

"அப்பறம் எப்ப?"

"தெரியல."

"தெரியலன்னா இன்னாடா அர்த்தம்?"

"தெரியலன்னுதான் அர்த்தம்."

சந்தியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று வெற்றிவேல் ஓரமாக ஒதுங்கி நின்றார். அவள் திட்டவில்லை. "சித்திரையிலேர்ந்து இன்னிக்கித்தான் ரெண்டு வார்த்த சேத்துப் பேசறான்" என்று கணவனிடம் புகார் சொல்வதைப் போலச் சொன்னாள். "அதுவும் நம்மளத் திட்றதுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் வேண்டியதற்குமேல் சத்தம் போட்டன.

வெற்றிவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் போட்டதைத் தானே எடுப்பதுதான் கௌரவம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுட்டியைப் பிடித்துப் பொத்தானைத் தேடினார். அறிவுச்செல்வன் காட்டினான். அழுத்தினார். உறுதியா என்று கேட்டது.

"இன்னா கேக்குது?"

"நெசமாவான்னு கேக்குது மாமா."

"ஆமான்னு அமுக்கு."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது போய்விட்டது. கடவுச்சொல் கேட்கவில்லை. காரணம் கேட்கவில்லை.

"இவ்ளோதானா?"

"ஆமா மாமா."

"நான் போட்றதுக்கு அர நாள் ஆச்சேய்யா" என்றார் வெற்றிவேல். எழுந்து, ரெக்ஸைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கோங்க" என்றார். கணினியையா ஆளையா என்று சொல்லவில்லை. சமையலறையிலிருந்து வந்த சந்தியா ரெக்ஸிடம் மட்டும் போய்ட்டு வரேன் என்றாள். தம்பியிடம் சொல்லாமல் வண்டியில் ஏறினாள். வண்டி தெரு திரும்பும்வரை அவள் முதுகு நேராக இருந்தது.

"கெட்ட பேரு எனக்குத்தான் மாப்ள" என்றான் ரெக்ஸ்.

"எனக்கும் இருக்குது. ஆளுக்குப் பாதி."

திரையில் நான்கு விடைகளும் இன்னும் காத்திருந்தன. ரெக்ஸ் ஒன்றையும் அழுத்தாமல் பெட்டியை மூடினான். ராசு போட்டதை அறிவுச்செல்வனே எடுத்தான். கணினியை அணைத்து மறுபடி போட்டதும் மின்விசிறியின் இரைச்சல் காணோம். தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிடுவது கேட்டது.

கண்ணாயிரத்தின் வீட்டைத் திறந்தான். முழு வீடும் ஒரே தடவையில் வந்தது. ரெக்ஸ் குனிந்து பார்த்தான்.

"இது ஹாலு. இது சமையக்கட்டு. இது இன்னா மாப்ள?"

"பெட்ரூம்."

"உள்ள எப்டிப் போறது?"

அறிவுச்செல்வன் பார்த்தான். நான்கு பக்கமும் ஒன்பதங்குலச் சுவர். ஜன்னல் இரண்டு இருந்தது, கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, மின்விசிறிக்குக் கொக்கி இருந்தது. கதவு இல்லை. கண்ணாயிரம் அந்த அறையைத் தினமும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். அவனும் பார்த்திருக்கிறான்.

"போவ முடியாது" என்றான்.

"அப்ப?"

அறிவுச்செல்வன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "கதவ ஹாலு பக்கம் வெக்கலாமா, சமையக்கட்டு பக்கமா?"

"ஹாலு பக்கம் வெய்யி. வர்றவங்களுக்கு கண்ணுல படணும்ல? அந்தப் பக்கம் வெச்சா அடுப்பு இடிக்கும்."

"ஹாலு பக்கம் வெச்சா கட்டில் இடிக்கும் மச்சான்."

"கட்டில நகத்து."

அவன் கட்டிலை நகர்த்தினான்.